என்பின் வழி வரும் ஒலி

ஒலிப்பதிவுக் கருவியில் தன் குரலை முதன்முறை கேட்கும் எவனும் அதனைத் தன்னுடையதென ஏற்கத் தயங்குவான். பேசும்போது அவன் தன் குரலைக் காற்றின் வழி மட்டுமன்றித் தாடையினதும் மண்டையோட்டினதும் என்புகள் வழியாகவும் கேட்கின்றான்; கருவியோ காற்றில் வந்ததை மட்டுமே பதிவு செய்கின்றது. ஏனையோர்க்கு மிகையான இந்த இரண்டாம் வழியே, செவித்துளையின்றிப் பிறந்தவர்க்கும் நடுச்செவியில் ஓயாது சீழ் வடிவோர்க்கும் உட்செவியை அடையும் வாயிலாகும்.

அவ்வாயிலைத் திறக்க மனிதன் முதலிற் பற்களை நாடினான். சிக்காகோ நகரின் றிச்சார்ட் றோட்ஸ், தாமும் செவிப்புலன் குறைந்தவர், 1879இல் விசிறி வடிவான கருவியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். வன்மையாக்கிய இறப்பராலான அதன் விளிம்பை மேற்பற்களில் அழுத்தினால், தகட்டில் மோதும் ஒலியதிர்வு பல்லின் வழியே உட்செவியைச் சேரும். கையில் விசிறியிருப்பது வியப்பன்று. ஆகவே குறையும் மறைந்தது. ஆனால் விசிறியைப் பல்லில் ஊன்றியவர் மறுமொழி கூறுவது எங்ஙனம்? உரையாடலிற் பாதியே மீண்டது.

பின்னர் மின்னாற் செயற்படும் அதிர்வுக் கருவி வந்தது. தலைப்பட்டையொன்று அதனைக் காதின் பின்னுள்ள என்போடு சேர்த்துப் பிடிக்கும். இறுக்கினால் தோல் புண்படும், தலை வலிக்கும். தளர்த்தினால் ஒலி மங்கும். இடையில் நின்ற தோலே தடை. அதனை நீக்கிய பெருமை சுவீடனுக்குரியது. தைத்தேனியம் என்னும் உலோகத்தை முயலின் என்பிற் பொருத்திய பிறனெமார்க், 1950களில் அதனை மீளக் கழற்ற இயலாதிருக்கக் கண்டார். என்பு அதனைத் தன்னோடு பிணைத்துக்கொண்டிருந்தது. முதலிற் பல்மருத்துவத்திற்குப் பயன்பட்ட இவ்வுண்மையைக் கொண்டே, 1977இல் கோதன்பேர்க் நகரில் செல்ஸ்ட்ரோமும் அவருடன் உழைத்தோரும் காதின் பின்புற என்பில் திருகாணி பதித்துக் கருவியை அதில் மாட்டினர்.

வெளியே தெரியும் அத்திருகாணிக்குக் கூசுவோர் உளர். மூக்குக்கண்ணாடிக்குக் கூசாதவர் இதற்குக் கூசுவது விந்தையே.

எனினும் இது யாவர்க்கும் உதவுவதன்று. உட்செவியோ நரம்போ முற்றாகச் செயலற்றிருப்பின், என்பு கொணரும் ஒலியை வாங்குவார் இல்லை. அதிரும் இசைக்கவரைக் காதருகேயும் காதின் பின்னுள்ள என்பிலும் வைத்து ஒப்பிடும் எளிய சோதனையை றின்னே 1855இலேயே வகுத்தார். காற்றினும் என்பில் நன்கு கேட்பின் நம்பிக்கைக்கு இடமுண்டு.

குழந்தைகள் திறத்தில் தாமதம் கொடிது. பேச்சைக் கற்கும் ஆண்டுகள் காத்திரா. ஆயின் மெல்லிய மண்டையோடு திருகாணியைத் தாங்காது. ஆகவே ஏறத்தாழ ஐந்து வயது வரை, மென்பட்டியிற் பொருத்திய கருவியைத் தலையைச் சுற்றிக் கட்டுகின்றனர். இரு செவித்துளைகளும் அற்ற குழந்தைக்கும், ஒலி சற்றே மங்கினாலும், தாய் அழைக்கும் பெயர் அவ்வாறு கேட்கின்றது.