மருந்துக் கடை பில் மட்டும் போதாது!

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் என்றால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்று நினைக்கிறோம். சில பாலிசிகளில், அட்மிட் ஆகாமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் ஓ.பி. செலவும் ஒரு வரம்பு வரை திரும்பக் கிடைக்கும். என் ஆபீஸ் பாலிசியும் அப்படித்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி நாமக்கல் போய் டாக்டரைப் பார்த்து, டெஸ்ட் எடுத்து, மாத்திரை வாங்கி வருவார். முதல்முறை க்ளெய்ம் அனுப்பியபோது, ‘ஆவணங்கள் முழுமையாக இல்லை’ என்று பதில் வந்தது. க்ளினிக்கில் ஃபீஸுக்கு ரசீதே தரவில்லை. மருந்துக் கடை பில்லில் அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கேஷ்’ என்றிருந்தது.

“போகுது உடு கண்ணு. அடுத்த தடவ டெஸ்ட் வேண்டாம், மாத்திரை மட்டும் வாங்கிக்கறேன்” என்றார் அம்மா.

எனக்குப் பகீர் என்றது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி டெஸ்ட்டைத்தான் வேண்டாம் என்கிறார்! காகிதம் குறைந்ததற்கு வைத்தியம் குறையலாமா?

க்ளெய்ம் பார்ப்பவர் அம்மாவைப் பார்த்ததில்லை. காகிதம்தான் அவருக்குச் சாட்சி. யாருக்கு, எதற்காக, என்ன சிகிச்சை, எவ்வளவு கட்டினோம் என்ற நான்கு கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

* டாக்டர் சீட்டு: நோயாளி பெயர், தேதி, என்ன நோய், டாக்டரின் கையெழுத்து, பதிவு எண்.
* ஃபீஸ் ரசீது: எண், தேதி, தொகை, முத்திரை.
* மருந்து பில்: நோயாளி, டாக்டர் பெயர்கள். சீட்டில் இருக்கும் மருந்துதான் பில்லிலும் இருக்க வேண்டும்.
* டெஸ்ட்: டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, பில், ரிசல்ட் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும்.

நம் ஊரில் இனிஷியல் ஒரு தனித் தலைவலி. ஆதாரில் ஒரு மாதிரி, பாலிசியில் வேறு மாதிரி. பாலிசியில் உள்ள பெயரைக் கவுன்ட்டரில் காட்டி, அப்படியே பில் போடச் சொல்லுங்கள். சில பில்களில் எழுத்து சீக்கிரமே மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஓ.பி. கவரேஜ் இல்லாதவர்களும் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். 2020 ஏப்ரலில் வந்த ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியில், அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவையும், அதே நோய்க்கானது என்றால் கேட்கலாம். வேறு பல பாலிசிகளிலும் இந்த வசதி உண்டு.

‘இன்னும் ஆவணம் வேண்டும்’ என்று வரும் கடிதம் நிராகரிப்பு அல்ல. அம்மாவுக்கு, கேட்டதும் ரசீதும் பெயர் போட்ட பில்லும் கொடுத்தார்கள். மறுபடி அனுப்பினோம், பணம் வந்தது.

உண்மையிலேயே நிராகரித்தால், பாலிசியின் எந்த விதிப்படி என்று சொல்ல வேண்டும். 2024 மே மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கையே அதைச் சொல்கிறது. முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

திரும்ப வருவது சில நூறு ரூபாயாக இருக்கலாம். ‘எதுக்கு வீண் செலவு’ என்று டெஸ்ட்டைத் தள்ளிப்போடும் அம்மா, அப்பாக்களுக்கு அந்தச் சில நூறுதான் அடுத்த டெஸ்ட். அடுத்த முறை மருந்துக் கடையை விட்டு இறங்கும்முன் பில்லை ஒருமுறை பாருங்கள்... பெயர் இருக்கிறதா?