தினமும் 40 கணக்கு... அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாங்குமா?

ஆடித்தபசு முடிந்து, கோயில் வாசலில் போட்டிருந்த கடைகளைப் பிரித்துக்கொண்டு போனதும், சங்கரன்கோவில் வீடுகளில் அடுத்து வருவது காலாண்டுத் தேர்வுப் பேச்சுதான். அப்படி ஒரு நாளில்தான் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு வீட்டில், அஞ்சாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அம்மா ஒரு கணக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தார். வகுப்பில் வைத்த சின்னத் தேர்வில் மகள் 25-க்கு 9 எடுத்திருந்தாள். வகுத்தலிலும் பின்னத்திலும்தான் அடி. "ஒரு நாளைக்கு 40 கணக்கு. முடிச்சாதான் டிவி" என்று சட்டம் போட்டாயிற்று.

40 என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தெரியாது. அந்தப் பெண்ணின் நாளைப் பார்த்தால்தான் தெரியும். காலை 8 மணிக்கு வேன். வீடு திரும்ப 5 மணி. செவ்வாய், வியாழன் சிலம்பம். சனிக்கிழமை காலையில் இந்தி. பள்ளி வீட்டுப்பாடம் தனி. இதற்கு நடுவில் இந்த 40-க்குத் தினமும் ஒரு மணி நேரம் போனது. சிலம்பத்துக்குப் போன நாளில் இன்னும் கூடுதல். பென்சிலைப் பிடித்தபடியே கண் சொருகும். "ஏட்டி, தூங்காத" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம்தான் அம்மா கவனித்தார். நோட்டில் ஓர் அடித்தல் இல்லை. ஓரத்தில் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்றுகூட இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த விடைகள் அப்படியே நோட்டில் இறங்கியிருந்தன. திட்டு, அழுகை, விடைப் பக்கங்களைக் கிழித்து பீரோவில் பூட்டியது என்று ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே போனது. "40-ன்னு பார்த்ததும் ஒண்ணுமே ஓட மாட்டேங்குது எம்மா" என்று மட்டும் மகள் சொன்னாள். கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்ததும் அதே வாரத்தில்தான்.

பயப்பட வேண்டியது இதற்குத்தான். 9 மார்க்கை 15 ஆக்கிவிடலாம். கணக்கு என்றாலே பிள்ளை ஒளிகிறாள் என்றால் அதைத் திருப்பிக்கொண்டு வர வருஷங்கள் ஆகும்.

பள்ளிகள் கொடுக்கும் வீட்டுப்பாடத்துக்கு நம் நாட்டில் ஒரு கணக்கு உண்டு. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் உத்தரவிட்டார். மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை, 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாரத்துக்கே அதிகபட்சம் 2 மணி நேரம் என்கிறது. இந்த வீட்டில் கணக்கு மட்டுமே வாரத்துக்கு 7 மணி நேரத்தைத் தாண்டியது. என்ன, அந்த விதிகளெல்லாம் பள்ளிக்கூடங்களுக்கு. அம்மாக்களுக்கு எந்த நீதிமன்றமும் இன்னும் அளவு வைக்கவில்லை!

ஆச்சிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "நாங்கல்லாம் தினமும் வாய்ப்பாடு ஒப்பிச்சவங்கதான். என்ன கெட்டுப்போச்சு?" என்றார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியைப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, சத்தமாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தான் மனதில் ஏற்றினார்கள். அரைக்கால் என்றால் 1/8, மாகாணி என்றால் 1/16 என்று பின்னம்கூட வாயில் நின்றது. ஆனால், அது பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து சொன்னது. களைத்துப்போன பிள்ளை ராத்திரி 9 மணிக்குத் தனியாக உட்கார்ந்து 37-வது கணக்கைப் போடுவதும் அதுவும் ஒன்றல்ல.

ஜப்பானில் டோரு குமோன் என்ற உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியருக்கும் 1954-ல் இதே கவலை வந்தது. இரண்டாம் வகுப்பு படித்த மகன் டகேஷி கணக்கில் குறைந்த மார்க் வாங்கினான். அப்பா தாளில் கையால் கணக்கு எழுதிவைக்க, மகன் தினமும் அரை மணி நேரம் போல உட்கார்ந்து போட்டான். ஆறாம் வகுப்பிலேயே நுண்கணிதம் வரை போய்விட்டான் என்பதைத்தான் எல்லோரும் ஆச்சர்யமாகச் சொல்வார்கள். அந்த அரை மணி நேரத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து அப்பா தொடங்கினார் என்பதையும்தான்.

எவ்வளவு என்பதைவிட எதை எதோடு கலந்து போடுகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போட்டார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கணக்குகளைக் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது முதல் பிரிவு 89 சதவிகிதம் சரியாகப் போட்டது. கலந்து போட்டவர்கள் 60 சதவிகிதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முதல் பிரிவு 20-க்கு இறங்கியது. கலந்து போட்டவர்கள் 63! ஒரே மாதிரி 40 வகுத்தல் போடும் பிள்ளைக்கு, அது வகுத்தல் கணக்கு என்று யோசித்துக் கண்டுபிடிக்கும் வேலையே இல்லாமல் போகிறது. பரீட்சையில் அதைத்தானே முதலில் கேட்கிறார்கள்?

அந்த வீட்டில் இப்போது புதுக் கணக்கு. திங்கள், புதன், வெள்ளி, சனி மட்டும் 15 நிமிடம். வந்ததும் உட்கார வேண்டாம். சாப்பிட்டு, கொஞ்சம் விளையாடிய பிறகு. மொத்தம் 8 கணக்கு: இன்றைய பாடத்தில் 3, போன வாரத்தில் 3, பழைய பாடத்தில் 2. போனில் அலாரம் அடித்தால், பாதிக் கணக்கில் இருந்தாலும் நோட்டை மூடிவிட வேண்டும். தப்பாகிப்போன கணக்கு தனிப் பக்கத்துக்குப் போய், மூன்று நாள் கழித்துத் திரும்ப வரும். சிலம்ப நாள்களில் ஸ்கூட்டரில் போகும்போது 5 நிமிடம் மனக்கணக்கு. பூ மார்க்கெட்டைத் தாண்டும்போது, "பிச்சிப்பூ கிலோ 600 ரூபாய்னா 150 கிராம் எவ்வளவுட்டி?" என்று அம்மா கேட்பார். ஞாயிறு முழு லீவு. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 70 நிமிடம்.

முதல் வாரம் அலாரம் அடித்தபோது மூன்று கணக்குதான் முடிந்திருந்தது. அம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. இன்னும் அஞ்சு நிமிஷம் என்று சொல்லாமல் இருப்பதுதான் இதில் பெரிய பயிற்சி.

ஒரு நாள் அப்பா தறியிலிருந்து வந்து, "66 மீட்டர் துணி இருக்கு. சேலைக்கு அஞ்சரை மீட்டர்னா எத்தனை சேலை?" என்று கேட்டார். பின்னத்தில் வகுக்கத் தெரியாத பெண் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். "ரெண்டு சேலைக்கு 11 மீட்டர். 66-ல ஆறு பதினொண்ணு. அப்போ 12 சேலைப்பா" என்றாள். அந்த வழி புத்தகத்தில் இல்லை.

காலாண்டில் கணக்கில் 100-க்கு 68. நீள வகுத்தல் இன்னமும் தகராறுதான். "அவ்வளவுதானா?" என்று அப்பா கேட்டார். வயிற்றுவலி பற்றிய பேச்சு நின்று ஒரு மாதமாகிவிட்டதை அம்மா ஞாபகப்படுத்தினார். தீபாவளிக்குப் பிறகு 15 நிமிடத்தை 20 ஆக்கலாமா என்று இப்போது வீட்டில் பேச்சு. மகள் 18-க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள்.