பெயருடன் ஒரு விண்மீன்

பொருளின்மேல் பொறித்த பெயரைப் படித்தவுடன், அதைச் செய்தவரை அறிந்துவிட்டோம் என்று நாம் நிறைவு கொள்கிறோம். பழைய கேமியோ கண்ணாடிக் குடுவைகள் இந்த எண்ணத்தைத் திருத்தவல்லவை.

ஒரு நிறக் கண்ணாடியின்மேல் வேறொரு நிறக் கண்ணாடியை உருகிய நிலையில் போர்த்தி, ஆறியபின் மேலடுக்கைச் செதுக்கியோ அமிலத்தால் அரித்தோ உருவங்களைப் புடைத்தெழச் செய்வதே கேமியோ கலை. உரோமையர் இதில் வல்லவர்கள். கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்தைச் சேர்ந்த போர்ட்லாந்துக் குடுவை இன்றும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கருநீலத்தின்மேல் வெண்ணிற உருவங்கள். 1845-இல் ஒருவன் அதை உடைத்தான்; துண்டுகளை ஒட்டி மீட்டனர். 1876-இல் ஜான் நார்த்வுட் என்னும் ஆங்கிலேயர் அதன் படியொன்றைக் கண்ணாடியிலேயே செதுக்கி முடித்தார். மூலத்தைச் செய்தவரோ தம் பெயரை அதில் பொறிக்கவில்லை.

பிற்காலத்தில் பிரான்சின் நான்சி நகரில் எமில் கல்லே (1846–1904) இக்கலைக்குப் புத்துயிர் அளித்தார். செடிகொடிகளை ஆழ்ந்து கற்றவர் அவர். அவர் வாழ்ந்தபோதே பெயர் அவருடையது, உழைத்த கைகள் பலருடையவை. அவர் மறைந்தபின் துணைவியார் தொழிற்கூடத்தை நடத்தினார். அக்காலத்துக் குடுவைகளில் பெயருடன் ஒரு சிறு விண்மீனும் காணப்படுகிறது. அதே நகரின் டோம் சகோதரர்கள் தங்கள் பெயரோடு, இரு குறுக்குக் கட்டைகள் கொண்ட லொரேன் சிலுவையைப் பொறித்தனர்.

அண்மைக் காலத்தில் ருமேனியாவில் கல்லே பாணியில் குடுவைகள் செய்து, பெயரருகே ‘டிப்’ என்று பொறித்தனர். அம்மொழியில் அதற்கு ‘வகை’ என்று பொருள். செய்தவர் உண்மையைச் சொன்னார். விற்றவர் சிலர் அச்சொல்லைத் தேய்த்து அழித்தனர். ஆகவே, அறிந்தோர் பெயரோடு நின்றுவிடுவதில்லை. அடுக்குகளின் எண்ணிக்கை, புடைப்பின் விளிம்பு, அடிப்பாகத்தின் இயல்பான தேய்மானம், பெயரருகே மழித்த தடம் ஆகிய அனைத்தையும் நோக்குகின்றனர்.

அம்பத்தூரில் ஒரு தாய், மகன் வெளிநாட்டில் வாங்கிவந்த அத்தகைய குடுவையைப் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்காக விற்க முனைந்தார். பெயரருகே தேய்த்த தடம் தெளிவாகத் தெரிந்தது. “பெயரைக் காட்டினால் போதும், நல்ல விலை வரும்” என்றார் இடைத்தரகர். அந்தத் தாயோ நம்மிடம், “உள்ளதைச் சொல்லித்தான் விற்பேன், சாமி. அந்தப் பணத்தில்தானே பிள்ளை படிக்கணும்” என்றார். கிடைத்த தொகை கட்டணத்தில் ஒரு பகுதிக்கே போதியது. மீதிக்குத் தம் கம்மலை அடகு வைத்தார்.

திருமுழுக்கில் நாமும் ஒரு பெயரைத் தாங்குகிறோம். கிறிஸ்தவர் என்னும் அப்பெயர் நாம் ஈட்டியதன்று. அவரது சாயலில் வனையப்படும் படிகளே நாம். படியாக இருப்பதில் இழிவில்லை; ‘வகை’ என்னும் சொல்லைத் தேய்த்துவிட்டு மூலமென்று விலை பேசுவதே இழிவு. கோயில் பதிவேட்டில் நம் பெயர் இருக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு அயலார் நம்மை மதிப்பிடுவதில்லை. நம் விளிம்புகளையும் அடித்தேய்மானத்தையும் அவர்கள் தடவிப் பார்க்கிறார்கள். பெயரே பொறிக்காத உரோமைக் கலைஞரின் கையை இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் உலகம் வியக்கிறது. நம்மை வனைந்தவரின் கையும் நம்மில் அவ்வாறே தெரியட்டும்.