கரிமலை இறக்கம்

முழங்கால் தேய்ந்து, நான் சபரிமலைக்குப் பெரிய பாதை போவதை நிறுத்தியாகிவிட்டது. எங்கள் குழுவை இனி யார் கூட்டிப் போவது என்று பேச்சு வந்தபோது, மாலை போட்டு மூன்றே வருஷமான ஒரு பையன், "ஃபோனில் மேப் இருக்கே சாமி, குருசாமி எதுக்கு?" என்றான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட அவனை மறுக்கவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எருமேலியிலிருந்து பம்பை வரை நீளும் பாதை அது. வழி தெரியாமல் யாரும் தவிப்பதில்லை. மகரவிளக்குச் சமயத்தில் முன்னால் போகிற கூட்டத்தின் பின்னால் போனாலே போதும். அழுதையில் குளித்து, கல் எடுத்து, கல்லிடும் குன்றில் போட்டு, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி என்று அரட்டையும் சரணமுமாகப் பகல் கழிந்துவிடும். குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டால், கடைசி ஆள் வரை குழு பிரியாமல் வந்து சேரும்.

எல்லோரும் கரிமலை ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றம் ஆளைப் பார்த்துக்கொள்ளும். மூச்சு வாங்கினால் தானாக நின்றுவிடுவார்கள். இறக்கத்தில் நிற்கத் தோன்றாது. பம்பை வந்துவிட்டது என்ற நினைப்பில் கால் தானாக ஓடும். வெறுங்கால், வேரும் உருட்டுக்கல்லும், பனி பெய்திருந்தால் சேறு வேறு. கால் பிசகி, தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இறக்கத்தில் விழுந்தவர்கள்.

என் குருசாமி மதுரைக்காரர், தறி நெய்தவர். 1950-இல் சபரிமலைக் கோயிலில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு பி.டி. ராஜன் முன்னின்று செய்வித்த புது ஐயப்ப விக்ரகம் நம் ஊர்களில் வலம் வந்தபோது, சிறுவனாகப் பார்த்துக் கும்பிட்டவர். இருமுடிக் கட்டு விஷயத்தில் அவர் கண்டிப்பு கொடுமையானது. பின்முடி அரிசியை வழியில் பொங்கித் தீர்த்துவிடுவோம். நெய்த்தேங்காய் இருக்கிற முன்முடி அப்படியே கனக்கும். அந்த நிலையில் கரிமலை இறங்கினால் கட்டு தலையை முன்னால் இழுக்கும், உடம்பும் கூடவே போகும். அதனால் உச்சியிலேயே எல்லோரையும் நிறுத்துவார். ஒவ்வொருவர் தலையிலும் கட்டை இரு கையாலும் பின்னுக்கு நகர்த்தி, முடிச்சு உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உட்காரும்வரை விடமாட்டார். கூட்டம் திட்டினாலும் அசையமாட்டார்.

இன்னொன்று, சரணம். ஏறும்போது எவ்வளவு வேகமாகவும் போடலாம். இறங்கும்போது வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர்தான் எடுத்துக் கொடுப்பார், நீட்டி, இடைவெளி விட்டு. கால் சரணத்தின் தாளத்துக்குத்தான் விழும். தாளம் அவர் கையில் இருந்தால் குழுவே அவர் கையில். முன்னால் நின்று திரும்பி, முகங்களைப் பார்க்காமல் பாதங்களையே பார்ப்பார். பாதம் சாய்வாக விழாமல் நேராக விழுந்தால் அந்த ஆளின் பெயர் உடனே வரும்.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வருஷக்கணக்காகப் பின்னால் நடந்து நானாக எடுத்துக்கொண்டது. இப்போது மூன்று தடவை மலைக்குப் போனவர் இருமுடி கட்டிக் கொடுக்கிறார். நார் உரித்து மெருகேற்றிய தேங்காய் கடையில் வருகிறது. ஸ்பீக்கரில் சரணம் ஓடுகிறது, ஒரே வேகத்தில், ஏற்றமானாலும் இறக்கமானாலும். பக்தி குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நடப்பவன் காலைப் பார்ப்பது குறைந்துவிட்டது. நண்பர்களாகச் சேர்ந்து புறப்படுகிறார்கள், பம்பையில் தனித்தனியாக வந்து ஒருவரையொருவர் ஃபோனில் தேடுகிறார்கள்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் கார்த்திகை பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்மலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தலையில் கட்டோடு, வெறுங்காலோடு. படியில் உட்கார்ந்து அவன் இறங்குவதைப் பார்க்க என் முழங்காலுக்கு இன்னும் முடியும்.