கழுத்தளவுத் தண்ணி

என் அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம். நிறுத்தினால் கால் ரெண்டும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். பிறந்தவுடன் அழவில்லை. 'சாமி குத்தம்' என்று ஊரும் சொன்னது, சேரியும் சொன்னது. அந்த ஒரு விஷயத்தில்தான் ரெண்டுக்கும் ஒற்றுமை.

உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா, "பிள்ளையத் தண்ணியில எறக்குங்க" என்றார். கழுத்தளவுத் தண்ணீரில் கால் தாங்குகிற எடை பத்தில் ஒரு பங்காகிவிடும். 33 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால் இறுகிய சதை இளகும். தரையில் வைக்க முடியாத எட்டைத் தண்ணீரில் வைப்பான். வலிப்பு வரலாம், அதனால் கைக்கெட்டும் தூரத்தில் ஆள் வேண்டும். லண்டனில் 1949 வாக்கில் ஜேம்ஸ் மெக்மில்லன் என்பவர் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு இப்படித்தான் நீச்சல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஹாலிவிக் முறை என்று பேர். மிதவை கட்டுவதில்லை, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்.

எங்களிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. தண்ணிக்குத்தான் பஞ்சம். டவுன் நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரக் கட்டணம் அக்காவின் அரை நாள் கூலி. ஊர்க் கிணற்றிலோ எங்கள் பிள்ளைகள் இறங்கினால் தீட்டு.

1927 மார்ச் 20-ல் மகாடு குளத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தின் உரிமை நீதிமன்றத்தில் முடிய 1937 ஆனது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் எங்கள் சனம் குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். குடிக்கிற தண்ணிக்கே இந்தக் கதி என்றால், மிதக்கிற தண்ணியைக் கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் இருக்கிறது. 2015-ல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கிணறு, குளம், குளிக்கும் துறை எல்லாம் பேர் சொல்லியே இருக்கிறது. பிள்ளையிடம் ரெண்டு சான்றிதழும் உண்டு, ஒன்று ஊனத்துக்கு, ஒன்று சாதிக்கு. உடம்பு மட்டும் ஒன்றுதான்.

இப்போது ஏரி ஓரத்தில், வெயிலில் தண்ணி சூடேறிய உச்சிவேளையில், அக்கா அவன் பிடரியைத் தாங்கி மல்லாக்கப் போடுகிறாள். அரை மணியில் பின்னிய கால் பிரிகிறது. மூளையில் பட்ட காயத்தை நீச்சல் ஆற்றாது, அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு ராத்திரி வலியில்லாமல் தூங்குகிறான். சித்திரையில் ஏரி வற்றிவிடும், அப்புறம் பழையபடி இறுகும்.

மாவட்டத்துக்கு ஒரு வெந்நீர்க் குளம், காசில்லாமல், சாதி கேட்காமல் வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. பொதுத் தண்ணியில் எங்கள் பங்கைக் கேட்கிறோம்.