மணற்காட்டில் நிலம் பார்த்து நட

பறவை பார்க்க யாழ்ப்பாணம் வருகிறவர்கள் சுண்டிக்குளத்தைத்தான் முதலில் விசாரிப்பார்கள். 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவான இடம், அந்தப் பெயர் அதற்குத் தகும். ஆனால் பருத்தித்துறையில் ஒரு நாள்தான் கையிலிருக்கிறது என்றால், விடியற்காலையில் வல்லைவெளிக்கும் வெயில் தாழ்ந்ததும் மணற்காட்டுக்கும் போகச் சொல்வேன். அதுவும் பங்குனி மாதத்தில்.

நெல்லியடியைக் கடந்து யாழ்ப்பாண வீதியில் போகும்போது வீடுகளும் பனைகளும் சட்டென்று விலகிவிடும். வல்லைவெளியில் நிழலுக்கு மரமில்லை. காற்றுக்கு மட்டும் ஒரு நாளும் குறைவில்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் தொண்டைமானாற்று நீரேரி பரந்து கிடக்கிறது. வடக்கே செல்வச்சந்நிதி முருகன் கோயிலடியில் அது கடலோடு சேருகிறது. கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்க அங்கே அணை கட்டிக் கதவு போட்டிருக்கிறார்கள்.

மாரியில் ததும்பி நின்ற தண்ணீர் பங்குனியில் வற்றி, ஓரமெல்லாம் சேறு வெளியே வரும். அப்போது பறவைகள் கால் நீளத்துக்கேற்பப் பந்தியில் அமர்ந்ததுபோல் வரிசை பிரிந்து நிற்கும். ஈரச் சேற்றில் குட்டைக்கால் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும். முழங்கால் தண்ணீரில் சிவந்த காலோடு நெடுங்கால் உள்ளான்கள். இன்னும் ஆழத்தில் பூநாரைகள். பூநாரை தின்பதைத் தொலைநோக்கியில் நிதானமாகப் பார்க்க வேண்டும். தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பக்கம் கீழே வரும்படி தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளிக்கொண்டே நடக்கும். அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகள் நுண்ணுயிர்களை வடித்தெடுத்துவிடும். கழுத்துகள் எல்லாம் குனிந்திருக்கும்போது தூரத்தில் வெறும் இளஞ்சிவப்பு முதுகுகள்தான் தெரியும்.

இங்கே மாரி கழித்த பறவைகளில் பல இந்த நாட்களில் மத்திய ஆசியாவுக்கும் அதற்கும் வடக்கேயும் திரும்பத் தொடங்கிவிடும். இலங்கையின் வடமுனை எங்கள் பருத்தித்துறைப் பக்கம்தான். அதைத் தாண்டினால் கடல்.

அப்படி ஒரு பங்குனி நாளில், பின்னேரம் வல்லிபுர ஆழ்வார் கோயில் வழியாக மணற்காட்டுக்குப் போனேன். ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி நிற்கும் மணற்கும்பிகள், அப்பால் சவுக்கங்காடு, மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். பாலைவனம் என்று படம் பிடித்துப் போட நிறையப் பேர் வருகிறார்கள். எல்லோருடைய கண்ணும் கும்பியின் உச்சியில். நானும் ஒரு கும்பியை நோக்கித்தான் நடந்தேன்.

வலையை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, காலடியைப் பாத்து வையுங்கோ. உந்தத் தடியடியிலை முட்டை கிடக்கு."

அவரே நட்டுவைத்த தடி. அதன் அருகே உள்ளங்கை அளவு பள்ளம், சுற்றிலும் சிப்பித் துண்டுகள், நடுவில் இரண்டு முட்டைகள். மணலின் அதே நிறம், மேலே கறுப்பு மை கிறுக்கியதுபோன்ற கோடுகள். அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. தாய்ப்பறவை கொஞ்சத் தூரத்தில் ஒரு சிறகை மணலில் இழுத்து, முறிந்ததுபோல் நடித்து என்னை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்த்தது. சிட்டுக்குருவியளவு உடம்பு. பின்னேர வெயிலிலும் அந்த மணல் சுட்டது. பறவை விலகி நின்றால் முட்டை அவிந்துபோகும். நாங்கள் உடனே அவ்விடத்தைவிட்டு நகர்ந்தோம்.

அந்தப் பறவை உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிரந்தரமாக வாழும் இந்தச் சிறிய உப்புக்கொத்தி தனி இனம் என்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் அவரது குழுவினரும் 2023 இல் நிறுவினார்கள். அதுவரை அதை வெளிநாட்டிலிருந்து வரும் உறவினத்தின் ஒரு பிரிவாகத்தான் எண்ணியிருந்தார்கள். இராமர் அணையின் இரு கரையிலும் வாழ்வதால் அனுமனின் பெயரை வைத்தார்கள். அந்த உறவினம் மாரிக்கு வந்து போகும், இங்கே முட்டையிடாது. ஆகவே இந்த மணலில் அடைகாக்கும் உப்புக்கொத்தி முழுக்க நம்முடையது.

தடி நட்ட இடத்துக்குச் சற்று அப்பால் உழவு இயந்திரச் சில்லுகளின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. மணல் அள்ளிய குழிகளும் கண்ணில் பட்டன. போருக்குப் பிறகு வீடு கட்டாதவர் யார், மணல் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மணற்கும்பி சும்மா கிடக்கும் மண் அல்ல. மாரி மழையைக் குடித்து, கீழேயுள்ள உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீரை மிதக்கவைத்திருப்பது அதுதான். கும்பியைக் கரைத்தால் பக்கத்துக் கிணறு உவர்க்கும். முட்டையிருக்கும் மாதங்களில் ஒரே ஒரு சில்லு ஏறினாலும் அந்தக் கூட்டில் குஞ்சு இல்லை.

பங்குனி தொடங்கி ஆடி வரை இங்கே வருகிறவர்கள் அலை நனைத்த ஈர மணலோடு நடந்தால் போதும். மோட்டார் சைக்கிளை வீதியிலேயே விடலாம், நாயைக் கட்டி வைக்கலாம். முட்டையிடும் பகுதியில் மணல் அள்ளுவதை அந்த மாதங்களிலாவது முழுதாக நிறுத்த வேண்டும். அந்த முதியவர் ஒரு தடியால் செய்ததைப் பிரதேச சபை நாலு அறிவிப்புப் பலகைகளால் செய்யலாம்.