தெருக்காரர் எந்தப் பெட்டியில்?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு மௌத் என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிக்கும். கேட்காதவனுக்குத் தேநீர்க் கடையில் யாராவது சொல்லிவிடுவார்கள். மௌத்தானவர் சொந்தக்காரராக இருக்கவேண்டும் என்றில்லை. வாப்பாவோடு ஒஸ்மானியாவில் படித்தவர், நமது பெருநாள் சட்டையைத் தைத்தவர்; ஜனாஸாவுக்குப் போக அந்த அளவு உறவு போதும்.

1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். இழந்த வீடு, கடை, நகைகளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. கூடவே இந்தப் பாதி உறவுகளும் போயின. புத்தளம், நீர்கொழும்பு, பாணந்துறை என்று சிதறியவர்கள் சொந்தக்காரரை எப்படியோ தேடிப் பிடித்தார்கள். தையற்காரரை யார் தேடுவது?

ஏறக்குறைய இருபது வருடங்களுக்குப் பிறகு அந்த வேலையை முகநூல் பக்கங்கள் செய்தன. மங்கிய வகுப்புப் படமொன்று வரும். "மூன்றாவதாக நிற்பவர் பேக்கரிக்காரரின் மகன்தானே?" என்று இலண்டனிலிருந்து ஒருவர் கேட்பார். "மௌத்தாகி ஆறு வருடம்" என்று புத்தளத்திலிருந்து பதில் வரும். இருவரும் ஒருவருக்கொருவர் 'நண்பர்' அல்லர்.

2017 ஒக்டோபரில் முகநூல் நிறுவனம் ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனை செய்தது. இலங்கை அவற்றில் ஒன்று. நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகள் வழமையான இடத்தில் இருந்தன. பக்கங்களின் பதிவுகளோ, பணம் கட்டி விளம்பரமாக்கினாலன்றி, 'எக்ஸ்புளோர்' என்ற வேறொரு இடத்துக்குப் போயின. இலண்டன்காரருக்கு எதுவும் மாறவில்லை. புத்தளத்தில் இருப்பவர்தான் தன் தெருவைத் தேடிப்போய்ப் பார்க்கவேண்டும்!

நெருங்கியவர்களின் செய்தி மற்றவற்றுள் அமுங்கக்கூடாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். நல்ல நோக்கம்தான். ஆனால் மனிதருக்கு இரண்டே பெட்டிகள் என்று யார் சொன்னது? ஒன்றில் வீடு, மற்றதில் பத்திரிகையும் வியாபாரமும். நாங்கள் தொலைத்தது இரண்டுக்கும் நடுவில் இருந்ததை.

இரண்டு பிரிவாக வைத்தது மக்களுக்குத் திருப்தி தரவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2018 மார்ச் 1இல் அதைக் கைவிட்டது. அடுத்த சில நாட்களில் திகனயில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 7இல் அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் தடை செய்தது. எங்களுக்கெதிரான வெறுப்பு அங்கே தடையின்றிப் பரவியதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

அந்தக் காலத்தில் பலரும் வட்ஸ்அப் குழுக்களுக்கு மாறினார்கள். ஒரு குழுவில் அப்போது 256 பேர்தான் சேரலாம். 2022இல் அது 512 ஆகி, பிறகு 1024 ஆனது. ஒரு தெரு 256க்குள் அடங்குமா? இடம் போதாதபோது, ஒன்றும் பேசாமல் இருப்பவரைத்தான் முதலில் நீக்குவார்கள். பேசாமல் இருப்பவர் பெரும்பாலும் வயதானவர். தமிழில் தட்டச்சுச் செய்யத் தெரியாதவர். ஜனாஸா அறிவித்தலை மட்டும் பார்ப்பதற்காகப் பேரனிடம் கைப்பேசியைக் கேட்டு வாங்குபவர்.